உத்தேச வயது

சீதேவிப்பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. நின்ற நிலையில் திடீரென்று முகமெல்லாம் கொதிக்கும், சட்டை நனைய வேர்க்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஆறிவிடும். பக்கத்து வளவுப் புஸ்பம் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை தங்கிவிட்ட சூடுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். புஸ்பம் சொன்னால் தேற்றாத்தீவில் அதற்கு அப்பீல் கிடையாது.

சீதேவிப்பிள்ளை நம்பியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அடையாள அட்டைப்படி அவளுக்கு வயது முப்பத்தேழுதான்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் பனிச்சங்கேணியில் அவளுடைய வீடு எரிந்தபோது பிறப்புப் பத்திரமும் சேர்ந்து எரிந்தது. அகதி முகாமில் பதிவு எடுக்க வந்த உத்தியோகத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லி உடம்பு, தலையில் ஒரு நரை இல்லை. "முப்பது எண்டு போடுவமா?" என்றார். "போடுங்க ஐயா" என்றாள். உத்தேச வயது என்று அதற்குப் பெயர்; அடையாள அட்டையிலும் அதுவே ஏறியது. சொல்வதற்குப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை, அவளும் வயதை எண்ணிப் பழகியவள் அல்ல. அட்டை இல்லாதவர் அந்த நாளில் ஆளே இல்லை. சோதனைச் சாவடியில் முகத்தைப் பார்க்கும் முன் அட்டையைத்தான் பார்ப்பார்கள். ஏழு வருடம் அதை நீட்டி நீட்டி, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள்.

முகாமில்தான் இராசதுரையைக் கண்டாள். வாவியில் வலை போடுகிறவர். சண்டையில் பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துப் பேச்சே அற்றுப்போயிருந்த மனிதர். இருவரும் கலியாணம் கட்டித் தேற்றாத்தீவில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. புஸ்பத்தின் தீர்ப்பைக் கேட்ட அன்று அவர் கத்தியை எடுத்துக்கொண்டு போய், காய்த்து நின்ற பப்பாசி மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தார். மறதியாக ஒரு துண்டை வாயில் போட்டால் கரு கலைந்துவிடுமாம். அதற்குப் பிறகு வேலை செய்யும்போது ஏதோ ஒரு பாட்டை முனகத் தொடங்கினார். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது.

கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்தவள் மருத்துவமாது ஸஹீதா.

"புள்ள இல்ல அக்கா" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு என்ன வயசு?"

சீதேவிப்பிள்ளை அட்டையை நீட்டினாள். ஸஹீதா அட்டையையும் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள்.

"இத உடுங்க. அம்பத்தேழாம் ஆண்டு பெரிய வெள்ளம் வந்ததே, கேள்விப்பட்டிரிக்கீங்களா?"

"கேள்விப்படுறதா? தம்பி இளையதம்பிய இடுப்பில வெச்சிக்கிட்டு, தண்ணிக்குள்ளால கோயிலடி மட்டும் நடந்தவள் நான்."

நூறு பேருக்குப் பெருமையோடு சொன்ன கதை அது. இன்றைக்கு அவளுடைய குரல் பாதியில் நின்றது.

"இடுப்பில புள்ள தூக்குறதுக்கு ஏழெட்டு வயசாவது வேணுமே அக்கா."

சீதேவிப்பிள்ளை விரல் மடித்து எண்ணினாள். அட்டைப்படி பார்த்தால் வெள்ளம் வந்து மூன்று வருடம் கழித்துத்தான் அவள் பிறந்திருக்கிறாள். திரும்ப எண்ணினாள். நாற்பத்தேழோ நாற்பத்தெட்டோ வந்தது.

"இது நோய் வருத்தமில்ல. மாதவிலக்கு நிக்கிற வயசு, சூடு கொஞ்ச காலம் வந்து வந்து போகும். இனி எலும்பக் கவனிக்கணும். முள்ளோட சின்ன மீன் தின்னுங்க, கீரை தின்னுங்க, நல்லா நடங்க."

ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. அரை மணி நேரத்தில் பத்து வயது கூடிப்போனவள் எந்தக் காலால் நடப்பாள்? துக்கமா, வெட்கமா, அந்த உத்தியோகத்தர் மேல் கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இல்லாத பிள்ளைக்காக அழலாமா என்பதும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் சாவடியில் ஆமிக்காரன் அட்டையை வாங்கினான். இவனும் கணக்குப் பார்த்துவிடுவானோ என்று அவள் அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திருப்பித் தந்து, போகச் சொன்னான். அரசாங்கத்துக்கு அவள் இன்னும் முப்பத்தேழுதான்.

வாசலில் இராசதுரை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் குந்தி, வெள்ளத்துக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முகாமில வெள்ளத்துக் கதைய நீதானே சொன்ன. அண்டைக்கே எண்ணிப் பாத்தன்."

"அப்ப என்னத்துக்கு மரத்த வெட்டினீங்க?"

அவர் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"ஆமிக்காரனெல்லாம் அந்த அட்டைய நம்புறானே" என்றார். "நானும் நம்பிப் பாத்தன்."