பூரணி ஏறாத கோச்சி

‘தேசியம்: இந்தியர். தொழில்: இல்லத்தரசி. நிரந்தர முகவரி: துறையூர் தாலுகா, திருச்சிராப்பள்ளி மாவட்டம். இலங்கையில் வதிவு: தற்காலிகம்.’

1981இல் வழங்கிய கடவுச்சீட்டு பூரணியைப் பற்றி இப்படிச் சொல்கிறது. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்து, அறுபத்தெட்டு வயதிலும் அதே லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் தற்காலிகமாக இருந்துவருகிறார். துறையூரை அவர் பார்த்ததில்லை. துறையூரும் அவரைப் பார்த்ததில்லை.

சீட்டைக் கொடுத்தது கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம். அதை ஒரே மூச்சில் சொல்ல லயத்தில் ஆளில்லாததால் எல்லோருக்கும் அது கண்டி ஆபீஸ். நூறு வருஷத்துக்கு முன் தோட்டத்து ஆட்களின் நலம் பார்க்க இந்தியாவின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் உட்கார்ந்திருந்தார். 1964இல் இரண்டு நாடுகளும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபின், கண்டி என்றால் ஊருக்கு அனுப்புகிற இடம் என்றாயிற்று. இப்போது புலமைப்பரிசில், வீட்டுத் திட்டம் என்கிறார்கள். போகச் சீட்டுக் கொடுத்தவர்களே இருக்க வீடும் கொடுத்தால் நம்பலாமா என்பது லயத்தின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

போன வருஷம் அங்கிருந்து இருவர் வீட்டுத் திட்டத்துப் பெயர்களைச் சரிபார்க்க வந்தார்கள். கூட வந்த தோட்டத்து நலன்புரி அதிகாரி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். யார் முகமும் தெரியாது. லயத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பட்டியலோடு வருகிறவரிடம், பட்டியலில் உள்ள ஆள் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

“பூரணிங்கறது யாரும்மா?” என்று வந்தவர்களில் இளையவர் கேட்டார்.

பூரணி அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “அவ போயி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்க.”

“எங்க?”

“எங்க போவாங்க? இந்தியாவுக்குத்தான்.”

பக்கத்துக் காம்பிரா சுகிர்தம் கேளாமலே சாட்சிக்கு வந்தார். “நானுஓயா ஸ்டேஷன்ல நான் அழுத அழுகை இன்னும் காதுல கேக்குதுங்க.”

அழுதது உண்மை. மற்றதுதான் பொய். பூரணியின் பெயர் வெட்டப்பட்டது.

மாலையில் மலையிலிருந்து இறங்கிய மகள் வினோதா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். மழை வந்தால் நாலு இடத்தில் சட்டி வைக்கிற அந்தக் காம்பிரா அம்மா பெயரில் இருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைக்கவிருந்த வீடும் அம்மா பெயரில்தான் வரவேண்டும்.

“ஒங்கள நீங்களே நாடு கடத்திட்டீங்களேம்மா.”

“பேரு இருந்தா ஏத்திருவாங்கன்னு நெனச்சேன்டி.”

“எதுல ஏத்துவாங்க? தலமன்னார்ல கப்பலே இல்ல.”

“ஏரோப்ளேன் இருக்குல்ல.”

பொய்க்குத் துணை நின்றவரே உண்மைக்கும் நிற்கட்டும் என்று வினோதா சொல்லிவிட்டதால், மறுவாரம் பூரணியும் சுகிர்தமும் முதல் பஸ்ஸில் நுவரெலியா போய், அங்கிருந்து கண்டிக்குப் போனார்கள். மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இத்தனை வருஷம் கிடந்த கடவுச்சீட்டு பூரணியின் இடுப்பில் செருகியிருந்தது.

மேசைக்குப் பின்னால் அதே இளம் அதிகாரி.

“பூரணி போயிட்டாங்கன்னு ஊர்க்காரங்க ரெண்டு பேர் சொன்னாங்களேம்மா.”

“அந்த ரெண்டு பேரும் பொய்க்காரங்கய்யா.”

சுகிர்தம் சுவரிலிருந்த தாஜ்மகால் படத்தை உற்றுப் பார்த்தார்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரைவிட்டுப் போனவரின் வீட்டுக்கு வேறொருவர் ஆள்மாறாட்டம் செய்து வரலாம் அல்லவா? இத்தனை வருஷம் கண்டி ஆபீஸைச் சந்தேகப்பட்டவரை அன்று கண்டி ஆபீஸ் சந்தேகப்பட்டது.

“நீங்கதான் பூரணிங்கறதுக்கு என்ன இருக்கு? அடையாள அட்டை?”

அது இல்லை. விண்ணப்பித்தால் பழைய சீட்டைத் தோண்டி எடுப்பார்கள் என்று அவர் எடுக்கவே இல்லை. இருந்த ஒரே சாட்சி இடுப்பில் இருந்தது. காட்டினால் வீடு வரலாம், விமானமும் வரலாம்.

“குடுத்தாத் திருப்பித் தருவீங்களா?”

“தர்றேன்மா.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். சுகிர்தம் அதை இரண்டு தரம் வாசித்துத் தலையாட்டிய பிறகே சீட்டு மேசைக்கு வந்தது. அதிகாரி படத்தில் புருவத்துக்கு மேலிருந்த தழும்பைப் பார்த்தார். எதிரே இருந்த தழும்பைப் பார்த்தார். பக்கங்களைப் புரட்டினார்.

“ஒரு முத்திரைகூட இல்லையே.”

“ஏறினாத்தானங்க குத்துவாங்க.”

“ஏன் ஏறல?”

“துறையூர்லருந்து எங்கப்பாவுக்கு ஒரு கடுதாசி வந்ததில்லைங்க. கடுதாசி போடாதவங்க கதவத் தெறப்பாங்களா?”

அதிகாரி சீட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். காரணம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, தோட்டத்துக்கு ஒரு பிரதி அனுப்பினார். வெட்டிய பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. ஒரு மாதத்தில் அத்திவாரமும் வெட்டினார்கள். தன்னிடமுள்ள பிரதியைப் பூரணி மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று.

அதில் இருப்பது இவ்வளவுதான்: 1982 ஓகஸ்ட் மாதம் பூரணி தன் அப்பாவையும் இரண்டு தம்பிகளையும் நானுஓயா ஸ்டேஷனில் கோச்சி ஏற்றினார். தான் ஏறவில்லை. மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்து, மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தார்.