பூனைத் தட்டில் வைத்த கல்

பானை மூடிச் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டுப் பூனை என் காலைக் கடிக்கும். அது என் மாமியாரின் செல்லம். வீட்டில் முதல் சோறு அதற்கு, கடைசிச் சோறு எனக்கு.

யுத்தம் வந்து அரிசி ரேஷனான பிறகும் அந்த வரிசை மாறவில்லை.

இன்று காலை பூனை கருவாட்டுச் சோற்றை மெல்லாமல் விழுங்கிவிட்டு, அடுத்த நிமிஷமே அத்தையின் பாயில் வாந்தி எடுத்தது. பாயை நான்தான் அலசினேன்.

மத்தியானம் ஒரு கூழாங்கல்லைக் கழுவி அதன் தட்டின் நடுவில் வைத்தேன். கல்லைச் சுற்றிச் சுற்றி நக்கித்தான் தின்ன முடிந்தது. வாந்தி இல்லை.

"பரவால்லியே, உனுக்கும் மூள கீது" என்றார் வீட்டுக்காரர்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்கார்ந்தேன். அத்தை எந்த நிமிஷமும் வெந்நீர் கேட்பார் என்று அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"இன்னாடி, பூனையாட்டம் முழுங்கிகினு கீற? டேய் நைனா, இவ தட்டுலயும் ஒரு கல்லப் போடுடா!" என்றார் அத்தை.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ரேஷன் அரிசியில் தினமும் கல் பொறுக்குவது நான். அத்தைக்கு மிச்சமிருப்பது நாலு பல்.

நாளைக்கு நான் பொறுக்கப் போவதில்லை. ஆட்சேபணை உள்ளவர்கள் பூந்தமல்லியில் என் அம்மா வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்கள்.