உரிமையாளர் உறங்கும் அறை

தன் வீடு எந்த நாளில் விடுதியாக மாறியது என்று கேட்டால் கல்யாணராமனுக்குச் சொல்லத் தெரியாது. அது மெல்ல மெல்ல, அவரைக் கேட்காமலே நடந்துவிட்டது.

முப்பத்துநாலு வருஷம் டெல்லியில் மத்திய அரசில் கோப்பு பார்த்தவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுள் போயிற்று. ஓய்வு பெற்றதும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு பழைய காலனியில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். கீழே ஓர் அறை, மாடியில் மூன்று. மனைவி காமாக்ஷி அதில் ஆறு வருஷம்தான் இருந்தாள். மாடியில் கிழக்குப் பார்த்த அறையில், ஒரு நவம்பர் காலையில், ஜன்னல் வெளிச்சம் போர்வைக்கு வந்து சேருவதற்குள் போய்விட்டாள். மகள் சுஷ்மா புனேயிலிருந்து வந்து, அழுது, இருபது நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவர் மாடிக்குப் போகவில்லை.

அடுத்த மாசம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்கேன் கவரை மார்போடு அணைத்தபடி ஒரு தம்பதி பக்கத்தில் வந்து நின்றார்கள். திருநெல்வேலிப் பேச்சு.

"சார், தமிழா? ஆஸ்பத்திரில அஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாவ. தங்குறதுக்கு எங்கயாவது எடம் கெடைக்குமா?"

அவர் யோசிக்கவே இல்லை. "என்னோட வாங்கோ" என்றார். வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கையில் கொடுத்து, மாடியில் கிழக்கு அறை என்று சொல்லி அனுப்பினார். அன்று மத்தியானம் சோபாவில் சாய்ந்திருந்தவருக்குத் தலைக்கு மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. வெறுங்கால் நடை. ஜன்னல் கொக்கியை யாரோ நீக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பல வாரங்களாக வராத தூக்கம், தண்ணீர் ஏறுவது மாதிரி, காலிலிருந்து மேலே ஏறி வந்தது.

அந்தத் தம்பதி ஊரில் போய்ச் சொன்னார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்தார்கள், கோவையிலிருந்து, ராமநாதபுரத்திலிருந்து வந்தார்கள். தங்கியவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். ஆபரேஷனில் ஒரு காலை இழந்து, சிகிச்சை நீண்டு இங்கேயே தங்கிவிட்ட சிவகுமார் என்பவரால் படியேற முடியவில்லை என்று கீழே இருந்த தன் அறையையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். நாலு வருஷம் இப்படியே போயிற்று. பனிமூட்டக் காலைகளில் கட்டிலில் படுத்திருந்தால் மேலிருந்து ஒரு ஊர்த் தமிழும் கீழிருந்து ஒரு ஊர்த் தமிழும் மிதந்து வந்து அவர் மேல் கலக்கும். யாரோ ரசம் தாளிப்பார்கள். மொட்டைமாடிக் கொடியில் தெரியாதவர்களின் துண்டுகள் ஆடும். சில சமயம் தானும் இங்கே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்தானோ, கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றும்.

ஜனவரியில் கேட்டில் ஒரு மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குடியிருப்பு மனையில் அனுமதியில்லாமல் விருந்தினர் விடுதி நடத்துவதாகப் புகார். ஏன் சீல் வைக்கக்கூடாது என்று விளக்கம் தரவேண்டும். ஆய்வுக்கு வருவார்கள்.

வந்தவள் ப்ரீதா. முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஒரு வரைபடச் சுருள், கையில் அளவு நாடா. வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அச்சா, நீங்க தமிழா அங்கிள்? எனக்குப் பேச வரும், படிக்க வராது. இங்கயே மோதி பாக்ல வளர்ந்தேன்."

ஹாலில் வரைபடத்தை விரித்தாள். காலனி முழுக்க மஞ்சள். பெரிய ரோட்டை ஒட்டி மட்டும் ஒரு சிவப்புக் கோடு. சந்துகள் நரம்பு மாதிரி ஓடின. கல்யாணராமனுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பனி விலகி வெயில் விழுந்த ஊரை எங்கோ உயரத்திலிருந்து பார்ப்பதுபோல.

"மஞ்சள்னா குடியிருப்பு. சிவப்பு கடைத்தெரு" என்றாள் ப்ரீதா. "மஞ்சள்லயும் சிலது செய்யலாம். டாக்டர் கிளினிக் வெச்சுக்கலாம், வக்கீல் ஆபீஸ் வெச்சுக்கலாம். கெஸ்ட் ஹவுஸ்கூட நடத்தலாம், ஆனா தெரு அகலமா இருக்கணும். ஹாஸ்டல் வேற, தர்மசாலை வேற. ஒவ்வொண்ணுக்கும் தனி விதி."

"இது எது?"

"அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

வெளியே வந்து, நாடாவின் ஒரு முனையை அவரிடம் கொடுத்துத் தெருவின் எதிர்ச் சுவருக்கு அனுப்பினாள். வெறும் தெரு, நடுவே மஞ்சள் நாடா, இந்த முனையில் அவர். ஒரு ஸ்கூட்டர்காரர் நின்று காத்திருந்தார். ப்ரீதா இரண்டு தரம் அளந்தாள். விதிக்கு வேண்டியதில் ஒரு கை அளவு குறைந்தது.

"கெஸ்ட் ஹவுஸ்னு எழுதினா சீல் வெச்சிடுவாங்க அங்கிள்."

"இவாள்லாம் எங்க போவா?"

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஒவ்வொரு அறையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். கிழக்கு அறையில் விழுப்புரத்துப் பூங்கோதை தன் தம்பிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டிலும் நீண்ட சிகிச்சைக்காரர்கள். இறங்கி வரும்போது படித் திருப்பத்தில் கட்டில் ப்ரீதாவின் முழங்காலில் இடித்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"நீங்க இங்கயா தூங்கறீங்க? உங்க ரூம் எது?"

கல்யாணராமன் கட்டிலை மடக்கி வழிவிட்டார். இந்தக் கேள்வியை சுஷ்மாகூடக் கேட்டதில்லை.

ப்ரீதா படியிலேயே உட்கார்ந்தாள். "இன்னொரு வகை இருக்கு. சொந்தக்காரர் தன் வீட்லயே குடியிருந்துட்டு, மிச்ச ரூம்ல ஆளுங்களைத் தங்க வைக்கிறது. அது வீடுதான், விடுதி இல்லை. தெரு அகலம் பிரச்சனை வராது. பதிவு பண்ணிக்கலாம். ஆனா நீங்க நிஜமா குடியிருக்கணும். உங்களுக்குன்னு ஒரு ரூம் வேணும். படிக்கட்டை நான் ரூம்னு எழுத முடியாது."

"நான் இந்த வீட்லதானே இருக்கேன்மா."

"எனக்குத் தெரியுது. ஃபார்முக்குத் தெரியணுமே. பதினஞ்சு நாள் கழிச்சுத் திரும்ப வர்றேன்."

கீழறையைச் சிவகுமாரிடமிருந்து வாங்க முடியாது. மாடியில் காலியாகப் போவது ஒன்றுதான். வியாழக்கிழமை பூங்கோதையின் தம்பிக்கு ஊர் போக அனுமதி கிடைத்தது. கிளம்பும் முன் அவள் கிழக்கு அறையைக் கூட்டித் துடைத்து, விரிப்பை மாற்றி, சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நல்ல ரூம்ங்கய்யா. காலைல வெயிலு வந்து எழுப்பி விட்டுச்சு, அவனுக்குப் பாதி ஒடம்பு அதுலயே சரியாயிடுச்சு."

மூன்று நாள் சாவி அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. நாலாம் நாள் காலை, பத்து மணிக்குப் பனி கலைந்து வெளிச்சம் சரிந்துகொண்டிருந்தபோது, ஏறிப்போய்க் கதவைத் திறந்தார். பயந்தது எதுவும் அங்கே இல்லை. நாலு வருஷத்து மனிதர்கள் அந்த அறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருந்தார்கள். சுவரில் யாரோ குழந்தைக்காக வரைந்த மயில். ஜன்னல் கட்டையில் யாரோ விட்டுப்போன திருநீற்றுப் பொட்டலம். அலமாரிக்குள் வேளாங்கண்ணி மாதா படம். இத்தனை பேருக்கு நடுவில் காமாக்ஷியும் இருந்தாள், தங்கிப்போனவர்களில் முதல் ஆளாக. கட்டிலில் உட்கார்ந்து அழுதார். பிறகு படுத்தார். வெயில் போர்வை மேல் ஏறியது. அதன் சூட்டில் கண் செருகியது.

ப்ரீதா இரண்டாம் முறை வந்தபோது அறைக்கதவுக்குப் பின்னால் அவருடைய சட்டை மாட்டியிருந்தது. மேஜையில் கண்ணாடியும் மாத்திரையும். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு ஃபார்மில் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். 'உரிமையாளர் வசிக்கிறார்.' பதிவுச் சான்று மார்ச்சில் வந்தது. அதில் வகைக்கு நேரே, உரிமையாளர் குடியிருந்து விருந்தினரைத் தங்கவைக்கும் வீடு என்று நீளமாக எழுதியிருந்தது. கல்யாணராமன் அதை மூன்று தரம் படித்தார், சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். விருந்தினருக்கு இப்போது மூன்றே அறைகள். சிலரை வேறு இடத்துக்கு அனுப்பவேண்டி வந்தது. அது அவருக்கு வருத்தம்தான்.

தினமும் முதலில் எழுந்து எல்லாருக்கும் காப்பி போடுகிறவர், மார்ச் கடைசியில் ஒரு நாள் ஒன்பது மணிவரை தூங்கிவிட்டார். கீழே இறங்கி வந்தால், அவர் தூக்கம் கெடாமலிருக்க ஹாலில் யாருமே சத்தம் போட்டுப் பேசவில்லை. சிவகுமார் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பருகே நின்று காப்பி கலந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்" என்றார். "இன்னிக்கு எங்க காப்பி."