ஏழாவது தட்டு

மல்லிகா இறந்த செய்தி வந்தபோது பூந்தமல்லி சிக்னலில் பைக்கோடு நின்றிருந்தேன். எங்கள் முதலாளிதான் போன் செய்தார். மாரடைப்பு, சேக்காட்டு வீட்டிலேயே முடிந்துவிட்டதாம். மல்லிகாவை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி விவசாயிகள் என்னைத்தான் கேட்டு வருவார்கள் என்று தோன்றியது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வெட்கம் வந்தது.

அம்பத்தூரில் நாங்கள் உயிர் உரம் தயாரிக்கும் சிறிய கூடத்துக்குக் குடுவை கழுவ வந்தவர் மல்லிகா. கணவருக்கு ஆவடியில் ஆலை வேலை. நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு வந்தவன். மூன்றே வருடத்தில் நிலக்கடலைக்கான ரைசோபியம் முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கொடுக்கும் பாக்டீரியா அது. விவசாயிகள் பிடுங்கிய செடியோடு வந்து, முடிச்சை நகத்தால் கிள்ளி, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதை, அது நன்றாக வேலை செய்வதற்கான அடையாளத்தை, காட்டுவார்கள். என்னிடம் இல்லை, அவரிடம். எனக்கு வயிறு எரியும்.

இந்த பாக்டீரியாவை விதையில் ஒட்டவைக்க அரிசிக் கஞ்சியில் கலப்பார்கள். கஞ்சி ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் செத்துப்போகும். இதை விளக்கி நான் இரண்டு பக்கத்துக்குத் துண்டுப் பிரசுரம் எழுதினேன். ஒருவரும் படிக்கவில்லை. குத்தம்பாக்கத்தில் ஒருவர் ஆவி பறக்கும் கஞ்சியோடு நின்றபோது, மல்லிகா சட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அண்ணே, அதுங்க உசுரோட கீதுங்க. நீ குடிக்க முடியாத சூட்ட அதுங்க தலைல ஊத்தாத."

அவ்வளவுதான். அந்தப் பேச்சு வயல் வயலாகப் போனது. பின்னாளில் பயிற்சிக் கூட்டங்களில் நானும் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொன்னதில்லை.

அவர் வளர்த்த ரைசோபியத்தின் மூலம் எது என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம லேப்ல கெடச்சதுதான் சார்" என்று சிரித்தார். மழுப்புகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பிரிட்ஜில் அவருடைய அடுக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. படித்தவனுக்கு அந்தத் திமிர் வேண்டாமா?

காரியம் முடிந்த மறுநாள் முதலாளி சாவியை என்னிடம் கொடுத்தார். பிரிட்ஜைத் திறந்தேன். வரிசையாகச் சோதனைக் குழாய்கள், எல்லாவற்றிலும் 'கு-7' என்று எழுதியிருந்தது. அது எனக்குத் தெரிந்த குறியீடு. பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், கண்ணாடித் தட்டுகளில் பாக்டீரியா வளர்த்துப் பார்த்தபோது எழுதியது. 'குத்தம்பாக்கம் வேர் முடிச்சு, ஏழாவது தட்டு. மூன்று நாளாகியும் வளர்ச்சி இல்லை. அகற்றவும்.' என் கையெழுத்து. அதன் கீழே பென்சிலில், கோணலாக ஒரு வரி: 'ஆறாம் நாள் வந்துச்சி.'

நிலக்கடலை ரைசோபியம் நிதானமாகத்தான் வளரும். அதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். வேகமாக வளர்ந்த மற்ற தட்டுகளைப் பார்த்த அவசரத்தில் இதைக் குப்பைக்கு அனுப்பினேன். அப்போது மல்லிகா வாசலில் நின்று, "சார், அந்த ஏழாவது தட்டு..." என்று ஆரம்பித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. நான் போனில் இருந்தேன். "தூக்கிப் போட்டாச்சில்ல?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிக்கொண்டேன்.

இத்தனை வருடங்களாக நான் பொறாமைப்பட்டது நான் எறிந்ததைப் பார்த்துத்தான். மாதம் தவறாமல் புதுக் குழாய்க்கு மாற்றி மாற்றி அவர் அதை உயிரோடு வைத்திருந்தார். இது தெரிந்த பிறகாவது பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அவர் கூடுதலாகப் பொறுத்திருந்த அந்த மூன்று நாட்களின் மேல் எனக்கு இப்போதும் பொறாமை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குழாய்களும் அந்தப் பென்சில் வரியும்தான். போன வாரம் முதன்முறையாக என் கையால் புதுக் குழாய்களுக்கு மாற்றினேன். 'கு-7, மல்லிகா' என்று எழுதி ஒட்டினேன். இன்று ஐந்தாம் நாள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. நாளைக் காலை பார்க்க வேண்டும்.