சீல் விழாத ஜோர்தான் கவர்

பூரணி தபால்தலை சேர்ப்பவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் அவளை "ஸ்டாம்ப் சேக்கிற ஆயம்மா" என்றுதான் சொல்வார்கள். வந்த வினை பாதி அந்தப் பெயரால் வந்தது. அவள் சேர்ப்பது கடித உறைகளை. உறை முழுதாக இருக்க வேண்டும். எந்த ஊர், எந்தத் திகதி என்று தபாலகத்தில் மையால் குத்திய வட்டம் அதன்மேல் விழுந்திருக்க வேண்டும். வட்டம் இல்லையென்றால் அவளுக்கு அது வெறும் காகிதம்.

அவளுக்குப் புள்ளக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அவளிடம் பால் குடித்து, அடி வாங்கி, தூங்கி எழுந்த பிள்ளைகள் வளர்ந்து குவைத்துக்கும் லெபனானுக்கும் சைப்பிரசுக்கும் வேலைக்குப் போனார்கள். அப்போது கடிதம் எழுதுகிற காலம். வாசிக்கத் தெரியாத தாய்மார் கடிதத்தைப் பூரணியிடம் கொண்டுவருவார்கள். வாசித்துக் கேட்டபின் கடிதத்தை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். உறை பூரணியிடம் கிடக்கும். அடுப்பு மூட்டலாம் என்றுதான் அவள் அவற்றை எடுத்துவைத்தாள். பிறகு ஒருநாள், "எம் மக எந்த மாசம் கடைசியா எழுதுனா?" என்று ஒருத்தி அழுதுகொண்டு வந்து கேட்டபோது, உறையிலிருந்த வட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது. அன்றிலிருந்து அவற்றை நாடு நாடாகப் பிரித்துக் கட்டிவைத்தாள்.

கைத்தொலைபேசி வந்தது. கடிதம் நின்றுபோனது.

தலவாக்கலையில் ரிஸ்வி என்பவர் புத்தகக் கடை வைத்திருக்கிறார். உலக நாட்டு உறைகள் சேர்ப்பதில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். புள்ளக்காம்பராவுக்குப் படத்தாளும் உறைகளுக்கு ஒரு ஃபைலும் வாங்கப் போன பூரணியின் கையிலிருந்த கட்டு அவர் கண்ணில் பட்டது. சென்ற வருடம் மார்ச்சில், 'இருந்து' என்பதை 'ஈந்து' என்கிற தன் பேச்சில் அவர் சொன்னார்:

"தங்கச்சி, கண்டியில கண்காட்சி ஒண்டு வெக்கிறாங்க. ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குப் பதினாறு தாள். ஒங்கட கவருக்கு ஒரு சட்டம் எடுத்துத் தாறேன். ஒரே புள்ளக்காம்பராவுல வளந்த புள்ளைகள் உலகமெல்லாம் ஈந்து போட்ட கவர். ஆருட்டயும் ஈக்காது."

பூரணி பதினைந்து தாள்களை ஒட்டி முடித்தாள். ஒரு தாளுக்கு ஒரு நாடு. பதினாறாவது ஜோர்தான். அங்கேதான் இடித்தது. எங்கள் தோட்டத்துப் பெண்களில் பாதிப்பேர் இப்போது ஜோர்தானின் தையல் ஆலைகளில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் போனது தொலைபேசி வந்த பிறகு. அங்கிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை.

"மாலைதீவ ரெண்டு தாளுல போடுங்களேன்" என்றார் ரிஸ்வி.

"பாதிப் புள்ளைங்க ஜோர்தான்ல இருக்கையில மாலைதீவ ரெண்டு தரம் காட்டுனா சட்டமே பொய்யி நானா" என்றாள் பூரணி. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்ப ஜூலை முடியிறத்துக்குள்ள கொண்டு வாங்க. வேற ஆள் ஒருத்தர் அந்தச் சட்டத்துக்குக் காத்திட்டு ஈக்கிறார்."

அந்த நாட்களில் பூரணியின் புருஷன் அழகன், தோட்டத்து ஆலைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். நான் நோயாளி பராமரிப்புக்குப் படித்தவள். அவனை எழுப்பி நடக்கவைக்க மாலையில் போய்வருவேன். அதனால் மீதியெல்லாம் என் கண்முன் நடந்தது.

ஜோர்தானிலிருந்து ஒரு உறை அனுப்பச் சொல்லிப் பூரணி கேட்டது அங்கே தையல் ஆலையில் இருந்த தனுஜாவிடம். தனுஜா அடுத்த லயத்து வரிசைவீட்டு நாகலெட்சுமியின் மகள். புள்ளக்காம்பராவில் பூரணியின் மடியைவிட்டு இறங்காத பிள்ளை என்று சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் பூரணி விளக்கமாகப் பேசி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒரு புகைப்படம். மேசைமேல் ஒரு உறை, அதில் தபால்தலை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. கீழே, "அனுப்பிட்டேன் ஆயம்மா, கெடச்சுச்சா?"

"கெடச்சிருச்சுன்னு சொல்லு" என்றான் அழகன். "நானாவோட கடையில பிரின்ட் எடுத்து ஒட்டிப்புடு. ரோஜாப்பூவோட."

"நீங்க காலப் பாத்து ஊண்டுங்க" என்றாள் பூரணி. பிறகு தொலைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டாள். "அடியே தனு, படம் வேணாம்டி. அந்தக் கவருதான் வேணும். தபால்ல வரணும். சீல் விழணும், வெளங்குச்சா?"

விளங்கியது என்று ஒரு கட்டைவிரல் வந்தது.

மே மாதத்தில் ஒரு மாலை நாகலெட்சுமி சிரித்த முகத்தோடு வந்து ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். "தனு அனுப்புனது வந்துருச்சு பூரணிக்கா. எம் பேருக்குப் போட்டிருந்தா. ஆபிஸ்ல குடுத்தாங்க."

பூரணி தீப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு தபால்தலைகள். ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்தவை.

"கவரு எங்க?"

"ஒங்களுக்கு எதுக்கு செரமம்னு நானே ஸ்டாம்ப மட்டும் வெட்டிட்டேன். சுத்தி ஒரே மை அப்பிக் கெடந்துச்சுக்கா, பாக்க முடியல."

"அந்த மை எங்க நாகலெட்சுமி?"

"அத அடுப்புல போட்டுட்டேன். வெந்நி வக்கிறப்ப."

தபால்தலையின் மூலையில் நகக்கீறல் போல ஒரு வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது. பூரணி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை போட்டாயா என்று கேட்டேன்.

"மாத்திரைக்கு அடங்குற கோவமா அக்கா இது?" என்றாள்.

"ஏங்க்கா, நல்லாத்தான வெட்டியிருக்கேன்?" என்றாள் நாகலெட்சுமி.

"நல்லா வெட்டியிருக்க. தையக்காரி தோத்தா."

மறுபடியும் தனுஜாவுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தமுறை விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பூரணி பெயருக்கு, புள்ளக்காம்பராவுக்கு என்று எழுதச் செய்தாள். அம்மாவுக்கு வேண்டாம் என்று மட்டும் மூன்று தடவை சொன்னாள். ஜூன் போனது. உறை வரவில்லை. தோட்ட ஆபிஸுக்கு நடந்து நடந்து, அங்கிருந்த கிளாக்கர் அவளைக் கண்டாலே தலையை இடவலமாக ஆட்டத் தொடங்கிவிட்டார். ரிஸ்வி இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். பூரணி வந்துகொண்டிருக்கிறது என்றாள்.

ஜூலை நடுவில் தனுஜாவே வந்துவிட்டாள். ஒப்பந்தம் முடிந்து, இரண்டு மாத விடுமுறை. வீட்டுக்குப் போய்ப் பையை இறக்கிய கையோடு பூரணியிடம்தான் ஓடிவந்தாள். நான் அப்போது அழகனைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தியிருந்தேன்.

"ஆயம்மா, கண்ண மூடுங்க."

கழுத்தில் கடவுச்சீட்டோடு தொங்கிய சிறு பையைத் திறந்தாள். அதிலிருந்து பொலித்தீன், அதற்குள் இரண்டு அட்டை, அட்டைகளுக்கு நடுவில் உறை. மடிப்பில்லை, கசங்கலில்லை. பூரணியின் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. மேலே நான்கு தபால்தலைகள் நேர்கோட்டில். அவ்வளவுதான் இருந்தது.

பூரணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தாள்.

"சீல் எங்கடி?"

"கவர ஒட்டி நல்லா சீல் வச்சுத்தான இருக்கேன் ஆயம்மா. மொதக் கவரப் பெட்டியில போட்டேன், இத நேர்ல குடுக்கப் போனேன். தபால் கந்தோருல ஒரு பொம்பள இத வாங்கி, கறுப்பா ஒரு கட்டைய எடுத்துக் குத்த வந்துச்சு. நான் வெடுக்குன்னு புடுங்கிட்டேன். எவ்வளவு அழகா ஒட்டியிருக்கேன், அழுக்காக்கப் பாக்குதே! அந்தம்மா என்னென்னமோ சொல்லி ஏசுச்சு. நான் திரும்பிப் பாக்கல. தபால்ல போட்டா தொலைஞ்சாலும் தொலைஞ்சிரும்னு கையோடயே கொண்டாந்துட்டேன். பிளேன்ல மேல பையில கூட வக்கல, கழுத்துலயே கெடந்துச்சு."

எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் சங்கிலியோ மருந்தோ எதுவானாலும் ஊருக்கு வருகிற ஆளின் கையில்தான் கொடுத்துவிடுவார்கள். கையோடு வருவதுதான் பத்திரம். தனுஜா தனக்குத் தெரிந்த பெரிய மரியாதையை அந்தக் காகிதத்துக்குச் செய்திருந்தாள். அவளை எப்படி ஏசுவது?

பூரணி உறையை மேசையில் வைத்தாள்.

"நல்லா இருக்கும்மா. சோறு தின்னியா?"

"இன்னும் இல்ல ஆயம்மா."

"போய்த் தின்னு மொதல்ல."

அவள் வாசலைத் தாண்டியதும் அழகன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பில் அவன் எடை முழுவதும் என் தோளில் இறங்கியது. விழுந்தால் மறுபடி ஆறு மாதம் என்று சொல்லிக் கட்டிலில் உட்காரவைத்தேன்.

"ஒரு தாயி வெட்டுறா, மக குத்தவே விடல" என்றான். "இங்கயே தபால் கந்தோருல குடுத்து ஒரு குத்துக் குத்திக்க. அவன் கட்டையும் கட்டைதான்."

அது நடக்காது என்று பூரணிக்குத் தெரியும். இருந்தும் மறுநாள் தலவாக்கலைக்குப் போனாள். அழகனின் கைத்தடிக்கு அடிரப்பர் வாங்க நானும் கூடப் போனேன். தபாலகத்தில் கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை தபால்தலைகளைப் பார்த்துவிட்டு, "பே, பே", முடியாது என்று கையை விரித்தது. வேறு நாட்டுத் தபால்தலைக்கு இங்கே குத்த முடியாது. நியாயம்தானே.

ரிஸ்வியின் கடைக்குப் போனோம். அவர் உறையைக் கையில் எடுத்து, "அல்லாவே, என்ன துப்புரவு!" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். அதிலிருந்து ஒரு ஜோர்தான் உறையை எடுத்துப் பூரணியின் முன் வைத்தார். வட்டம் முழுதாக, ஊரும் திகதியும் எண்ணெய் போட்டுத் துடைத்தது போல இருந்தது.

"இத ஒட்டுங்க. எனக்குத் திருப்பித் தந்தாப் போதும். பதினாறும் சரி."

பூரணி அதை வெகுநேரம் பார்த்தாள். ஆசை இருந்தது. கை அதன் மேலேயே இருந்தது.

"இதுல இருக்கிற பேரு யாரு நானா?"

"கொழும்பு புடவக்கட மொதலாளி ஆரோ. அத ஆரு வாசிக்கப் போறாங்க?"

"இத அனுப்புனது?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? கவர் நல்ல கவர்."

"மத்த பதினஞ்சும் நான் வாசிச்சுக் குடுத்த கடுதாசிங்க. எந்தக் கவர தொட்டுக் கேட்டாலும் எந்தப் புள்ள போட்டதுன்னு சொல்லுவேன். இதத் தொட்டு யாராச்சும் கேட்டா புடவக்கடைன்னு சொல்லவா?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நாகலெட்சுமி கேப்பா. அவளக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கேன்."

ரிஸ்விக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப சட்டம் போச்சு. நாலு மாசமா ஒங்களுக்காகப் புடிச்சு வெச்சது. இனி நான் கேட்டுத் தரவும் மாட்டேன்."

"போகட்டும்" என்றாள் பூரணி. உறையைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

சொன்னபோது நிமிர்ந்துதான் சொன்னாள். லிந்துலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கினாள். "போகட்டும்னு சொல்லிட்டேனே அக்கா! பதினஞ்சு தாளும் ஒட்டி வச்சிருக்கேன். ஒன்ன ஒட்டியிருந்தா என்னா கொறஞ்சிருக்கும்? என் வாய்!" இறங்கும்வரை அதையே சொன்னாள். நான் மறுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. இரண்டுக்கும் அவள் கடிப்பாள் என்று தெரியும்.

அவளுக்கென்று வைத்திருந்த இடத்தில் ஹட்டன் ஆசிரியர் ஒருவரின் பறவைத் தபால்தலைகள் வந்தனவாம். ஆகஸ்டில் கண்காட்சி நடந்த மூன்று நாளும் பூரணி புள்ளக்காம்பராவின் கூரைத் தகரத்துக்கு உள்பக்கம் வெள்ளையடித்தாள். யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

செப்டெம்பரில் தனுஜா இரண்டாம் ஒப்பந்தத்தில் புறப்பட்டாள். விடைபெற வந்தவளிடம் பூரணி அதே உறையைக் கொடுத்தாள். விடுமுறை முழுக்க யாரும் சொல்லாததை அப்போதுதான் அவளுக்கு நேராகச் சொன்னாள்.

"இத அங்க கொண்டுபோய் அந்தப் பொம்பளகிட்டயே குடு. குத்தட்டும்."

தனுஜாவின் முகம் வாடிப்போயிற்று. "அழுக்காயிருமே ஆயம்மா."

"அந்த அழுக்குதான்டி எனக்கு வேணும். நீ அங்க இருந்தங்கிறதுக்கு அந்த அழுக்குதான் சாட்சி. மத்ததெல்லாம் கடையில விக்கிற ஸ்டாம்பு."

தனுஜா உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் புடுங்குனது தப்பா?"

"தப்பில்ல. எனக்குச் சொல்லத் தெரியல. எடுத்துட்டுப் போ."

நவம்பரில், மழை விடாத ஒரு நாள், கிளாக்கரே புள்ளக்காம்பராவுக்கு நடந்து வந்து உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். பூரணி அதைப் பிரிக்காமல், சீலைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கைத்தடியோடு தனியே நடக்கத் தொடங்கியிருந்த அழகனும் வந்து நின்றான்.

உறை முழுதாக வந்திருந்தது. விலாசம் சரி. வட்டமும் விழுந்திருந்தது. ஒன்றல்ல, மூன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுக் குத்தியது. நான்கு தபால்தலைகளும் நடுவில் கரிச்சட்டியின் அடிபோல இருந்தன. ஊரின் பெயரில் இரண்டு எழுத்துத் தேறியது. திகதி இருக்க வேண்டிய இடத்தில் மை குளமாக நின்றது. என் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். வருடத்தின் கடைசி இலக்கம் நாலா ஒன்பதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அழகன் இந்தமுறை சிரிக்கவில்லை. "சீல் விழுந்திருக்கு பூரணி" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வெள்ளி தனுஜா கூப்பிட்டாள். பூரணி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஆயம்மா, வந்துருச்சாமே! அம்மா சொன்னாங்க. நல்லா அழுக்காயிருக்கா? அந்தம்மா ஒரு குத்துத்தான் குத்துச்சு. பத்தாது, நல்லா அழுத்தி இன்னும் குத்துங்கன்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்."

பூரணி உறையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"ஆயிருக்கும்மா. நல்லாவே ஆயிருக்கு" என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தொடர்ந்தாள். "அடுத்ததுக்கு ஒரு குத்துப் போதும். ஒன்னே ஒன்னு. பாதி ஸ்டாம்புல, பாதி கவருல."



"அடுத்ததா ஆயம்மா?"

"ஆமாடி, அடுத்தது. பேனா இருக்கா பக்கத்துல? விலாசத்த எழுது."