ரப்பர் தவளை

அரியலூரில் எங்கள் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. வந்த இரண்டே மாதத்தில், அதுவரை நான் எழுதிவந்த கடிதங்களையெல்லாம் அதிகாரி அவரிடம் கொடுக்க ஆரம்பித்தார். அவர்மேல் எனக்கிருந்த குறை அது ஒன்றுதான்.

எனக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நானும் வரட்டுங்களா சார்?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமழபாடியில் பரிசல் பேசி, இருவரும் கொள்ளிடத்தில் போனோம். ஆன்லைனில் வாங்கிய புதுத் தூண்டிலும், ஒரு பெட்டி நிறையப் பொய் இரைகளும் கொண்டுவந்திருந்தார். மடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதைங்க சார் போடலாம்?" என்றார்.

பரிசல்காரர் கோரைப் புதரை ஒட்டி நிறுத்தியிருந்தார். கோரைக்குள் விரால் கிடக்கும். அதற்கு ரப்பர் தவளைதான் சரி. தூண்டில் முள் அதன் உடம்போடு ஒட்டிப் படுத்திருப்பதால் புல்லில் மாட்டாது. அது பெட்டியில் இருந்தது. நான் மூன்று முள் தொங்கும் தகர மீனை எடுத்துக் கொடுத்தேன்.

"இதப் போடுங்க. தவளையெல்லாம் நம்மூரு மீனு சீண்டாது."

பரிசல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் துடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வீச்சிலேயே தகர மீன் கோரையில் மாட்டி அறுந்தது. அடுத்ததைக் கொடுத்தேன். அதுவும் போனது. நான்கு போன பிறகு, "எனக்குத்தான் கை பழகல சார், மன்னிச்சுக்குங்க" என்று என்னிடமே சொன்னார். கரையில் இருக்கும்போதே மனைவிக்குப் போன் செய்து மசாலா அரைத்து வைக்கச் சொல்லியிருந்தார் மனிதர்.

"அந்தத் தவளைய இப்புடிக் குடுங்க, சும்மா போட்டுப் பாக்கறேன்" என்றேன். இரண்டாவது வீச்சில் முழங்கை நீளத்துக்கு விரால். பரிசலே ஆடும்படி கைதட்டினார். எனக்கு அதிர்ஷ்டம் என்றே நம்பினார். மீனை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

மறுநாள் டீ நேரத்தில் ஆபீசில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவர் வீசியதுபோல் வீசி, அவர் மன்னிப்புக் கேட்டதுபோல் கேட்டு. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "தெரிஞ்சேதான் தகரத்தக் குடுத்தேன்" என்று நான் சொன்னதும் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் வண்டி எடுக்கப் போனபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் சார் அப்புடிப் பண்ணுனீங்க?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்குவீங்க? வேற ஆளா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பான்" என்றேன்.

"நானும் சிரிச்சேனே சார், எல்லாரு முன்னாடியும்" என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஃபைல் கேட்டால் கொடுப்பார், அவ்வளவுதான். மாற்றலாகிப் போன அன்று ஒவ்வொரு மேசையாக வந்து கைகொடுத்தார். என்னிடம் வந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றபடியே கடந்து போனார். அந்தப் போன் ஒலிக்கவே இல்லை.