பஸ் திரும்ப ஓர் இடம்

பெரியவளே, நீ பத்தாவது முடித்த வருஷம் நம் ஊருக்கு அரசு பஸ் கிடையாது. பதினொன்றாம் வகுப்புக்கு நீ சுங்குவார்சத்திரம் போக வேண்டும். பஸ் வராவிட்டால் உன்னை ஹாஸ்டலில் விடுவதாக அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். உனக்கு அதில் இஷ்டமில்லை.

டிப்போவில் கேட்டேன். "ஊர்க் கோடியில பஸ் திரும்ப இடம் பண்ணிக் குடுங்க, அனுப்புறோம்" என்றார்கள். ஊராட்சிப் பணத்தில் அதைச் செய்யலாம். ஆனால் அந்தப் பணத்தில் ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்று ஊரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மே தினத்துக் கிராம சபையில் எதற்குக் கை அதிகம் தூக்குகிறார்களோ, அதற்குத்தான்.

வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு அக்கா செல்போன் கம்பெனியில் போன் பூட்டும் லைனில் வேலை பார்ப்பவர். "என் கம்பெனி பஸ்ஸு முக்குலயே வந்து நிக்கிது. உன் பொண்ணு போறதுக்கு ஊர்ப் பணமா?" என்றார். பாதி வீடுகளில் இதே பதில். எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. நானும் கம்பெனி பஸ்ஸில் போகிறவன்தானே! லீவு நாளில் இவர்கள் எப்படி, எங்கே போகிறார்கள்? கேட்கத் தோன்றாமல் திரும்பிவிட்டேன்.

மே தினத்தன்று எல்லாக் கம்பெனியும் லீவு. காலையில் சபைக்குக் கிளம்பினால், கம்பெனி பஸ் நிற்கும் முக்கில் அக்கா பட்டுப்புடவையில், இரண்டு பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாக்கா, இன்னைக்கும் ஷிப்டா?"

"குன்றத்தூர் கோயிலுக்குப்பா. ரொம்ப நேரமா நிக்கிறேன், இன்னும் வரல."

"எது?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ! வூட்ட வுட்டுக் கிளம்புனா கால் தானா இங்கதான் வந்து நிக்கிது!"

கோயிலுக்குப் போகவில்லை. அதே புடவையில் சபைக்கு வந்தார்.

வளைவு கேட்டவர் முதலில் எழுந்தார். "ஊருக்கு ஒரு கெத்து வேணாமா?"

"வளைவு கட்டு அண்ணே. அதுக்குள்ள யாரு வருவா, எருமையா?" என்றார் அக்கா. பிறகு காலையில் தான் நின்ற கதையைச் சொன்னார். சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "நானும் போன தீவாளிக்கு அங்க நின்னேன்" என்றார். அப்புறம் இன்னொருவர். எழுதி வைத்திருந்த பேச்சு என் சட்டைப்பையிலேயே இருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கம்பெனி பஸ் கம்பெனிக்குத்தான் போவும். மத்த எடத்துக்கு?"

கைகள் ஏறின. வளைவு கேட்டவர் கடைசியில், "அடுத்த வருஷம் வளைவுடோய்!" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார்.

இடம் சமமாகி பஸ் வர ஜூலை ஆனது. அதுவரை உன்னை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். முதல் நாள் நீ ஏறியதை நான் பார்க்கவில்லை. எனக்கு அன்று காலை ஷிப்டு. ரெண்டு நாள் கழித்து, நைட் ஷிப்டு முடிந்து காலையில் வரும்போது, எங்கள் கம்பெனி பஸ்ஸும் உன் பஸ்ஸும் எதிரெதிரே வந்தன. ஜன்னலோரம் நீ சிநேகிதியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். கை காட்டினேன். நீ பார்க்கவில்லை. என்ன பேசினீர்கள் அப்படி? இப்போதாவது சொல்லேன்.